கிள்ளான் தொழிலாளரும் காற்றுச் சக்கரமும்

1941-ஆம் ஆண்டில் கிள்ளான் வட்டாரத்து ரப்பர்த் தோட்டத் தொழிலாளர் தம் முதலாளிகள் முன் வைத்த கோரிக்கைகள் பல. சீனத் தொழிலாளருக்குக் கிடைக்கும் கூலி தமக்கும் கிடைக்க வேண்டும். பத்து மணி, பன்னிரண்டு மணி நேர வேலை ஒழிய வேண்டும். பிள்ளைகளுக்கு முறையான கல்வி வேண்டும். மருத்துவ வசதி வேண்டும். கள்ளுக்கடைகள் மூடப்பட வேண்டும். பெண்களின் மானத்துக்குப் பாதுகாப்பு வேண்டும். சங்கம் அமைக்கும் உரிமை வேண்டும். இவற்றினிடையே இன்னொன்றும் இருந்தது. வெள்ளைக்காரத் துரையோ தோட்டத்து உத்தியோகஸ்தரோ எதிர்ப்படும்போது தொழிலாளி தன் மிதிவண்டியை விட்டு இறங்கி நிற்க வேண்டும் என்னும் வழக்கம் நீங்க வேண்டும் என்பதே அது.

கூலி, கல்வி, மருத்துவம் ஆகியவற்றின் அருகே இது சிறியதாகத் தோன்றும். வரலாற்று நூல்களிலும் பெரும்பாலும் ஒரு வரியில் வந்து மறைந்துவிடும். ஆயினும் அந்த மிதிவண்டியின் சக்கரம் எதனால் ஆயது, அதனுள் நின்ற காற்று எவ்வாறு நின்றது, அச்சக்கரம் தோட்டத்து லயத்துக்கு எவ்வழியில் வந்து சேர்ந்தது என்பவற்றை ஒருசேர நோக்கினால், அந்த ஒரு வரிக்குள் கிள்ளான் பள்ளத்தாக்கின் அறுபது ஆண்டு வரலாறு அடங்கியிருப்பது விளங்கும்.

காற்றடைத்த சக்கரத்தை முதலில் கண்டவர் டன்லப் என்றே பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லப்படுகிறது. அது முழு உண்மை அன்று. ஸ்காட்லாந்தைச் சேர்ந்த இராபர்ட் வில்லியம் தாம்சன் என்பார் 1845-ஆம் ஆண்டிலேயே அதற்குக் காப்புரிமை பெற்றுவிட்டார். ரப்பர் பூசிய துணியால் உள்குழாயும் தோலால் மேலுறையும் செய்து குதிரை வண்டிகளில் பூட்டியும் காட்டினார். வண்டி ஓசையின்றி ஓடியது. ஆனால் அக்காலத்தில் மிதிவண்டி இல்லை; உந்துவண்டியும் இல்லை. ரப்பரைக் கந்தகத்தோடு சேர்த்துச் சூடாக்கிப் பதப்படுத்தும் முறையைச் சார்லஸ் குட்இயர் 1839-இல் கண்டு சில ஆண்டுகளே ஆகியிருந்தன. வேண்டுவார் இல்லாத பொருளாகத் தாம்சனின் சக்கரம் மறக்கப்பட்டது.

பெல்பாஸ்ட் நகரில் கால்நடை மருத்துவராக இருந்த ஜான் பாய்ட் டன்லப் தம் சிறு மகனின் மூன்று சக்கர வண்டிக்காகக் காற்றுச் சக்கரத்தை மீண்டும் கண்டார். 1888-இல் காப்புரிமையும் பெற்றார். தாம்சனின் பழைய உரிமை வெளிப்பட்டதால் 1890-இல் டன்லப்பின் உரிமை செல்லாததாயிற்று. எனினும் காலம் அவர் பக்கம் இருந்தது. 1889-இல் பெல்பாஸ்டில் நடந்த பந்தயங்களில் காற்றுச் சக்கரம் பூட்டிய மிதிவண்டி திண்ம ரப்பர்ச் சக்கரங்களை எளிதாக வென்றது. அதன்பின் திண்ம ரப்பரைக் கேட்பார் குறைந்துபோயினர்.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். காற்றை உள்ளே செலுத்துவது எளிது. செலுத்திய காற்றை நிறுத்துவதே அரிது. பம்பு அழுத்தும்போது திறக்கவும், அழுத்தம் நின்ற நொடியில் மூடவும், சக்கரம் ஆயிரம் முறை சுழன்றாலும் மூடியபடியே இருக்கவும் வல்ல ஒரு சிறு கதவு வேண்டும். வண்டி ஓட்டுகிறவர் கண்ணில் படாத அந்தக் கதவு செம்மையாக அமையாத வரையில் காற்றுச் சக்கரம் பந்தயக்காரரின் விளையாட்டுப் பொருளாகவே இருந்திருக்கும்.

அக்கதவுக்குத் தமிழ்க் கலைச்சொல் வகுத்தோர் 'ஓரதர்' என்று பெயரிட்டனர். அதர் என்பது வழி என்னும் பொருளில் சங்க நூல்களில் வழங்கும் பழஞ்சொல். ஒரு வழி மட்டும் உடையது ஓரதர். நீர்க்குழாயின் திருகுக்கும் நீராவிக் குழாயின் அடைப்புக்கும் இப்பெயர் அத்தனை பொருந்தாது. அவை இருபுறமும் வழிவிடக் கூடியவை. சக்கரத்து வால்வுக்கோ அளவெடுத்துத் தைத்ததுபோல் பொருந்துகிறது. ஆயினும் மிதிவண்டிக் கடையில் போய் ஓரதர் கேட்டால் கடைக்காரர் விழிப்பார். வால்வு என்றால்தான் அவருக்குப் புரியும். அதன் உள்ளே போடும் மெல்லிய ரப்பர்க் குழலை வால் டியூப் என்பர்.

இந்த வால் டியூப் ஒரு வியப்பான பொருள். பித்தளைத் தண்டின் பக்கத்தில் ஒரு சிறு துளை. அத்துளையை மூடியவாறு ஓர் அங்குல நீளமுள்ள ரப்பர்க் குழல் இறுக்கமாக மாட்டப்பட்டிருக்கும். பம்பு அடிக்கும்போது காற்று துளை வழியே புறப்பட்டு ரப்பரைச் சற்று விலக்கிக்கொண்டு உள்குழாய்க்குள் புகும். அடிப்பது நின்றதும் உள்ளேயுள்ள காற்றே ரப்பரைத் துளைமேல் அழுத்தி வழியை அடைத்துவிடும். வெளியேற முயலும் காற்றையே காவலாக நிறுத்திய தந்திரம் இது. வில்சுருள் இல்லை, நுண்ணிய பொறி இல்லை, விலையும் சில காசுகளே. பழுதானால் ஒரு துண்டு குழலை வெட்டி மாட்டினால் போதும். பிரிட்டிஷ் மிதிவண்டிகள் சென்ற நாடுகளுக்கெல்லாம் இந்த வால்வும் சென்றது.

இதன் குறையும் ரப்பரின் குறையே. இயற்கை ரப்பருக்கு எண்ணெய் பகை, வெயிலும் பகை. நாள்பட்டால் குழல் பிசுபிசுத்துத் தண்டோடு ஒட்டிக்கொள்ளும். அல்லது வெடித்துப் பிளக்கும். ஒட்டிக்கொண்டால் காற்று ஏறாது. பிளந்தால் ஏறியது நிற்காது. மாட்டும்போது எண்ணெய் தடவாமல் எச்சிலோ நீரோ தொட்டு மாட்ட வேண்டும் என்பது கடைக்காரர் அனைவரும் அறிந்த முறை. ஒழுகலைச் சோதிக்கவும் அதுவே கருவி. தண்டின் வாயில் ஒரு சொட்டு எச்சிலை வைத்தால் குமிழி எழுகிறதா இல்லையா என்று உடனே தெரிந்துவிடும்.

இனி அந்த ரப்பர் வந்த வழியைக் காண்போம். 1876-இல் ஹென்றி விக்கம் என்பார் பிரேசிலின் அமேசான் காட்டுப் பகுதியிலிருந்து ஏறத்தாழ 70,000 ரப்பர் விதைகளை லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுவந்தார். அவற்றுள் முளைத்தவை சிலவே. அடுத்த ஆண்டு 22 கன்றுகள் சிங்கப்பூர் வந்து சேர்ந்தன. டன்லப் தம் காப்புரிமையைப் பெற்ற அதே 1888-ஆம் ஆண்டில் ஹென்றி ரிட்லி சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்தின் தலைமைப் பொறுப்பை ஏற்றார். மரத்தைக் கொல்லாமல் நாள்தோறும் பால் எடுக்கும் வெட்டு முறையை வகுத்தவர் அவரே. ஒருவர் ரப்பருக்குத் தேவையைப் படைத்தார்; மற்றவர் அதற்குரிய மரத்தைப் பழக்கினார். இருவரையும் அந்த ஆண்டு ஒன்றாக்கியது தற்செயலே என்றாலும், மலாயாவின் வரலாற்றில் இதைவிடப் பெரிய தற்செயல் மிகக் குறைவு.

அப்போது சிலாங்கூரில் காப்பிப் பயிரே சிறப்புற்றிருந்தது. 1890களில் பிரேசில் காப்பியின் பெருக்கால் விலை சரிந்தது. தோட்டக்காரர்கள் காப்பிச் செடிகளுக்கிடையே ரப்பரை நட்டனர். பாதை முன்னமே ஆயத்தமாக இருந்தது. கோலாலம்பூரிலிருந்து கிள்ளான் அருகே புக்கிட் கூடா வரை 1886-இலேயே இரயில் ஓடத் தொடங்கிவிட்டது. 1901-இல் சுவெட்டன்ஹாம் துறைமுகம் திறக்கப்பட்டது; இன்றைய கிள்ளான் துறைமுகம் அதுவே. இரயில் பாதை போட்டவரும், பிரிக்பீல்ட்ஸ் இரயில்வே குடியிருப்புகளில் வாழ்ந்து வண்டிகளைப் பழுதுபார்த்தவரும், நிலையங்களில் கணக்கெழுதியவரும் பெரும்பாலும் தமிழர், யாழ்ப்பாணத் தமிழர், மற்றும் பிற இந்தியர். பிரிக்பீல்ட்ஸ் என்னும் பெயரே அங்கு முன்பு இருந்த செங்கற்சூளைகளால் வந்தது.

உந்துவண்டி பெருகப் பெருக ரப்பரின் விலை ஏறியது. 1910-இல் லண்டனில் ஒரு பவுண்டு ரப்பர் 12 ஷில்லிங்குக்கு மேல் விலை போயிற்று. அந்த ஆசை கடல் கடந்து தமிழ்நாட்டுக் கிராமங்களைத் தொட்டது. கங்காணிகள் தம் ஊராரையும் உறவினரையும் திரட்டி நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பல் ஏற்றினர். 1907-இல் ஏற்படுத்தப்பட்ட குடியேற்ற நிதி அவர்களின் பயணச் செலவைத் தாங்கியது. விடியுமுன் பிரட்டுக் களத்தில் பெயர் கொடுத்து, குளிர் நீங்குமுன் பால் வெட்டி, வெயில் ஏறுமுன் வாளியில் சேர்த்து நிறுவைக்குக் கொண்டுபோனார்கள். ஆலையில் அமிலம் இட்டு உறையவைத்து, தகடாக்கிப் புகைபோட்டு, மூட்டையாகக் கட்டிக் கப்பலேற்றினார்கள். போன ரப்பர் இங்கிலாந்தில் டயராகி, டியூபாகி, வால் டியூபாகி, அதே துறைமுகத்தில் வந்திறங்கியது. போகும்போது பவுண்டுக்கு விலை. வரும்போது அங்குலத்துக்கு விலை. 1932-இல் ரப்பர் விலை பவுண்டுக்கு 2 பென்சுக்கும் கீழே விழுந்தபோது, தொழிலாளியின் கூலியும் வெட்டப்பட்டது. வேலையற்றோர் ஆயிரக்கணக்கில் கப்பலேற்றி அனுப்பப்பட்டனர்.

உந்துவண்டிக்கு வால் டியூப் போதவில்லை. வண்டியின் எடை பெரிது, அழுத்தமும் மிகுதி. அதற்குத் தக்க வால்வு நியூயார்க்கில் பிறந்தது. ஜெர்மனியிலிருந்து குடியேறிய ஆகஸ்ட் ஷ்ரேடர் என்பார் அங்கே பித்தளைச் சாமான் கடை வைத்திருந்தார். கடலில் மூழ்குவோருக்கான தலைக்கவசமும் காற்றுக் கருவிகளும் செய்தார். நீருக்கடியில் மனிதனுக்குக் காற்றை அளந்து கொடுத்த அக்குடும்பத்தின் கைத்திறனே 1893-இல் சக்கர வால்வாக வடிவெடுத்தது. தண்டினுள் திருகிப் பூட்டப்படும் ஓர் உள்ளீடு; அதன் நடுவே ஓர் ஊசி; ஊசியை மேல்நோக்கித் தள்ளி வாயை மூடிவைக்கும் வில்சுருள். ஊசியை அழுத்தினால் திறக்கும், விட்டால் மூடும். இன்றும் உலகெங்கும் கார்களிலும் லாரிகளிலும் இருப்பது இதுவே. 130 ஆண்டுகளாக இவ்வளவு குறைவாக மாறிய பொறி வேறொன்று காண்பது கடினம்.

இவ்வால்வின் சிறப்பு காற்றை நிறுத்துவதோடு முடியவில்லை. அது காற்றை அளக்கவும் இடங்கொடுத்தது. பழைய வால் டியூப் வகையில் உள்ளேயுள்ள அழுத்தத்தை வெளியிலிருந்து அறிய வழியில்லை. ரப்பர் அடைத்துக்கொண்டிருப்பதால் காற்று அழுத்தமானியை எட்டாது. ஆகவே மிதிவண்டிக்காரருக்குக் கட்டைவிரலே அளவுகோலாயிற்று. டயரை அமுக்கிப் பார்த்துப் 'போதும்' என்பர். ஊசி வால்வு வந்தபின் ஊசியை அழுத்திச் சிறிது காற்றை வெளிவிட்டு அதன் வலிமையை அளக்க முடிந்தது.

அளக்கும் கருவி இருவகைப்பட்டது. பேனா வடிவினது ஒன்று. அதனுள் ஓர் உந்துதண்டும் வில்சுருளும் உண்டு. காற்று தள்ளத் தள்ள வில் அமுங்கும். எவ்வளவு அமுங்கிற்றோ அவ்வளவு நீளம் எண் பொறித்த குச்சி வெளியே நீளும். வில் நீள்வதும் சுருங்குவதும் விசைக்கு ஏற்ற அளவிலேயே என்று 1678-இல் இராபர்ட் ஹூக் எழுதிய விதியே இதற்கு அடிப்படை. மற்றது கடிகார முகமுடையது. 1849-இல் பாரிஸ் நகரத்து யூஜின் பூர்தோன் நீராவிக் கொதிகலனுக்காகச் செய்த கருவியின் வழிவந்தது. வளைந்த தட்டைக் குழாய் ஒன்று உள்ளே அழுத்தம் ஏறும்போது நிமிர முயலும். அந்த அசைவைப் பற்சக்கரம் பெருக்கி முள்ளைத் திருப்பும். செந்தூலில் இரயில் எஞ்சின்களைப் பழுதுபார்த்த தமிழருக்கு இந்த இரண்டாவது வகை பழக்கமானதே.

வகுப்பில் மாணவர் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. காற்றிறங்கிய டயரில் கருவியை வைத்தால் சுழியம் காட்டும். உள்ளே காற்றே இல்லை என்பது இதன் பொருள் அன்று. வெளியேயுள்ள வளிமண்டலம் சதுர அங்குலத்துக்கு ஏறத்தாழ 14.7 பவுண்டு அழுத்துகிறது, உள்ளும் அதுவே. கருவி காட்டுவது அதற்கு மேலான மிகுதியை மட்டுமே. 30 பவுண்டு என்று காட்டும் டயருக்குள் உண்மையில் 45 பவுண்டு அளவுக்கு அழுத்தம் உண்டு. சூட்டின் கணக்கும் இதிலிருந்தே வரும். வெப்பம் 10 பாகை செல்சியஸ் கூடினால் அத்தகைய டயரில் ஏறக்குறைய ஒன்றரைப் பவுண்டு கூடும். ஓடி நின்ற வண்டியை நண்பகலில் அளந்து, கூடுதலென்று காற்றை இறக்கினால், மறுநாள் காலையில் டயர் தளர்ந்து கிடக்கும். ஆதலால் காலைக் குளிரில், வண்டி புறப்படுமுன் அளப்பதே முறை.

மீண்டும் தோட்டத்துக்கு வருவோம். மிதிவண்டி தொழிலாளிக்கு அணிகலன் அன்று. தோட்டம் தனியுலகமாக இருந்த காலம் அது. கடை தோட்டத்துக் கடை. கள்ளும் தோட்டத்துக் கள். பள்ளியும் தோட்டத்துப் பள்ளி. வெளியார் உள்ளே வரத் துரையின் அனுமதி வேண்டும். உறவினரும் நண்பரும் தடையின்றி வந்துபோக வேண்டும் என்பதும் 1941-ஆம் ஆண்டுக் கோரிக்கைகளுள் ஒன்றாக இருந்ததை நினைவுகூர வேண்டும். அக்கோரிக்கையையும் மிதிவண்டிக் கோரிக்கையையும் சேர்த்துப் படித்தால்தான் இரண்டும் விளங்கும். மிதிவண்டி உள்ளவன் மாலையில் கிள்ளான் போய்ப் பத்திரிகை வாங்கலாம். அடுத்த தோட்டத்துக் கூலி என்னவென்று கேட்டு வரலாம். கூட்டத்துக்குச் செய்தி கொண்டுபோகலாம். துரை வரும்போது அவன் இறங்கி நிற்க வேண்டும் என்றது வெறும் மரியாதைக்காக என்று கொள்வதற்கில்லை. அவன் எவ்வளவு தூரம் போனாலும் யாருடைய ஆள் என்பதைச் சாலையிலேயே நினைவூட்டும் சடங்கு அது.

1938-இல் இந்திய அரசு கூலிகளைக் கப்பலேற்றுவதைத் தடுத்துவிட்டபின் தோட்டங்களில் ஆள் குறைந்தது. போரினால் ரப்பர் விலை ஏறியது. ஆதாயம் யாருக்கு என்ற கேள்வி எழுந்தது. கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கத்தின் வழியே ஆர். எச். நாதன் முதலியோர் தொழிலாளரைத் திரட்டினர். 1941 மார்ச்சிலும் ஏப்ரலிலும் தோட்டம் தோட்டமாக வேலைநிறுத்தம் பரவியது. மே மாதத் தொடக்கத்தில் நாதன் கைது செய்யப்பட்டார். தொழிலாளர் அவரை விடுவிக்கக் கோரித் திரண்டனர். மே 16-ஆம் நாள் சிலாங்கூரில் நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டு இராணுவம் வரவழைக்கப்பட்டது. துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் ஐவர் இறந்தனர். நூற்றுக்கணக்கானோர் கைதாயினர், நாதன் இந்தியாவுக்கு நாடுகடத்தப்பட்டார். மிதிவண்டியை விட்டு இறங்காமல் போகும் உரிமையும் சேர்ந்த பட்டியலுக்கு அளிக்கப்பட்ட விடை இது.

அதன்பின் ஏழு மாதங்கூட ஆகவில்லை. 1941 டிசம்பர் 8-ஆம் நாள் கோத்தா பாருவில் இறங்கிய ஜப்பானியப் படை தெற்கு நோக்கி வந்த வேகத்துக்கு ஒரு காரணம் மிதிவண்டி. ஒவ்வொரு டிவிஷனுக்கும் ஏறத்தாழ 6,000 மிதிவண்டிகள் இருந்தன என்று அப்படையின் திட்டம் வகுத்தவர்களுள் ஒருவரான சுஜி மசனோபு எழுதியுள்ளார். மலாயாவின் வெயிலில் தார்ச்சாலையின்மேல் டயர்கள் வெடித்தன. பழுதுபார்க்க நேரமில்லாதபோது டயரைக் கழற்றி எறிந்துவிட்டு வெறும் இரும்பு வளையத்தின்மேல் ஓட்டினர். இரவில் அந்த ஓசை டாங்கிகளின் ஓசைபோல் எதிர்ப்படையைத் திகிலடையச் செய்தது என்பதும் அவர் கூற்றே. 1942 ஜனவரி 11-இல் கோலாலம்பூர் வீழ்ந்தது. பிப்ரவரி 15-இல் சிங்கப்பூரும் வீழ்ந்தது. துரைமாருள் பலர் சிறை முகாம்களில் அடைக்கப்பட்டனர்.

ஆக்கிரமிப்புக் காலத்தில் இன்னொரு விந்தை நேர்ந்தது. மரங்களில் பால் வழிந்தது, வாங்குவார் இல்லை. உலக ரப்பரின் பெரும்பகுதியைத் தந்த நாட்டில் மிதிவண்டிக்கு ஒரு டியூப் கிடைக்கவில்லை. மரம் இங்கே, ஆலை அங்கே என்றிருந்த ஏற்பாட்டின் விளைவு அது. மக்கள் திண்ம ரப்பரை வளையத்தில் பூட்டி ஓட்டினர். டன்லப் விலக்கிய சக்கரத்துக்கே திரும்ப வேண்டியதாயிற்று.

விடுதலைக்குப் பின்னரே நிலை மாறியது. 1960களில் பெட்டாலிங் ஜெயாவில் டன்லப் டயர்த் தொழிற்சாலை எழுந்தது. 1925-இல் தொடங்கப்பட்ட ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் சுங்கை பூலோவில் நல்லின மரங்களை வளர்த்து வந்தது. பால் வாளிகளை மிதிவண்டியின் இருபுறமும் தொங்கவிட்டு நிறுவைக் கொட்டகைக்குப் போவது தோட்டங்களின் அன்றாடக் காட்சியாயிற்று. பின்னர் மோட்டார் சைக்கிள் வந்தது. அதன் பின்னர் ரப்பர் மரங்கள் வெட்டப்பட்டுச் செம்பனை வந்தது. பல தோட்டங்கள் குடியிருப்பு மனைகளாயின.

வால்வு மட்டும் மாறாதிருக்கிறது. உள்குழாய் இல்லாத கார் டயரில் வால்வுத் தண்டு இரும்பு வளையத்தின் துளையில் நேரே இழுத்துப் பூட்டப்படும் ரப்பர்த் தண்டாயிற்று. அதற்கு அழகைவிட வயதே முக்கியம். காற்றிலுள்ள ஓசோன் ரப்பரை மெல்ல மெல்ல வெடிக்கச் செய்யும். தண்டை விரலால் ஒருபுறம் வளைத்தால் அடியில் நுண்ணிய விரிசல் தெரிந்துவிடும். உள்குழாய் உள்ள வண்டியில் தண்டு நேரே நில்லாமல் சாய்ந்திருந்தால் குழாய் வளையத்தின்மேல் நழுவியிருக்கிறது என்று பொருள். காற்றை இறக்கிச் சரிசெய்யாவிட்டால் தண்டின் அடி அறுந்துவிடும். லாரியின் உயர்ந்த அழுத்தத்துக்கு உலோகத் தண்டு வேண்டும். கார்த் தண்டு அதற்கு ஆகாது. 2007 முதல் அமெரிக்காவிலும், 2014 முதல் ஐரோப்பிய நாடுகளிலும் புதுக் கார்களுக்குக் கட்டாயமாக்கப்பட்ட உணர்கருவிகள் பலவற்றில் அலுமினியத் தண்டு உண்டு. அதில் சாதாரணப் பித்தளை உள்ளீட்டைப் போட்டால் ஈரத்தில் இரண்டும் அரித்து ஒன்றோடொன்று இறுகிவிடும். நிக்கல் பூசியதே போட வேண்டும். துறைமுகத்து உப்புக் காற்றில் இது இன்னும் விரைவாக நேரும்.

அழுத்தமானி வாங்குவோர் தம் டயரின் அழுத்தம் கருவியின் எண்வரிசையில் நடுப்பகுதியில் விழுமாறு பார்த்து வாங்குவது நலம்; ஓரங்களில் பிழை மிகும். முள் கருவி கீழே விழுந்தால் நம்பத்தகாது. பேனாக் கருவி விழுந்தாலும் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். புழுதி புகுந்தால் மட்டும் உந்துதண்டு தயங்கும். எண்ணெய் நிலையங்களில் கிலோபாஸ்கலில் எண் காட்டும் கருவிகள் உள்ளன; 30 பவுண்டு என்பது அங்கே ஏறத்தாழ 207. சொந்தக் கருவியை ஆண்டுக்கொருமுறை வேறொரு கருவியோடு ஒப்பிட்டுப் பார்ப்பது போதும். வால்வு மூடியைத் தொலைத்துவிட்டுப் பொருட்படுத்தாதவர் பலர். புழுதியும் நீரும் ஊசியின் இருக்கையில் படியாமல் காப்பது அந்த மூடியே. உள்ளீடு சற்று ஒழுகினாலும் காற்றைத் தாங்குவதும் அதுவே. டயர் மாற்றும்போதெல்லாம் ரப்பர்த் தண்டையும் மாற்றுவது நல்ல கடைகளின் வழக்கம். அது சில வெள்ளிக்கு மேல் ஆகாது. கடைக்காரர் மறந்தால் கேட்டு மாற்றிக்கொள்ளலாம்.